கிகாஹெர்ட்ஸ் சொல்லாத வேகம்

ஏஎம்டி நிறுவனம் 2020 நவம்பரில் ரைசன் 7 5800எக்ஸ் என்ற ப்ராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் அதன் உடன்பிறப்பாக 5800எக்ஸ்3டி வந்தது. இரண்டிலும் 8 கோர்கள். இரண்டும் ‘ஜென் 3’ என்ற ஒரே வடிவமைப்பு. அறிமுக விலையும் ஒன்றுதான், 449 டாலர். விவரப் பட்டியலில் வேகம் என்ற இடத்தில் மட்டும் மூத்தது ஒரு படி மேலே நிற்கும். அது உச்சத்தில் 4.7 கிகாஹெர்ட்ஸைத் தொடும், இளையது 4.5ஐத் தாண்டாது.

அந்த எண்ணை நம்பி வாங்குபவர் மூத்ததைத்தான் எடுப்பார். ஆனால் இரண்டையும் வாங்கி கேம் ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் கண்டது நேர்மாறு. பல கேம்களில் 5800எக்ஸ்3டி தெளிவாக முந்தியது. அறிமுகத்தில் 100 டாலர் கூடுதலாக விற்ற, 12 கோர் கொண்ட 5900எக்ஸைக்கூட முந்தியது. அதே ப்ராசஸரிடம் பிளெண்டர் மென்பொருளில் ஒரு முப்பரிமாணக் காட்சியை உருவாக்கச் சொன்னபோது, மூத்ததைவிடச் சற்றுப் பின்தங்கியது.

ஒரு வேலையில் முந்தும் ப்ராசஸர் இன்னொரு வேலையில் பிந்துவது ஏன்? கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவதற்காகச் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள் இதற்கு விடை தெரிந்துகொண்டு பணம் கட்டுவது நல்லது. வேகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் காத்திருக்காமல் இருப்பதுதான் என்பது அந்த விடையில் இருக்கிறது.

கேம் ஓடும்போது திரையில் தெரியும் அழகையெல்லாம் தீட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு. எதைத் தீட்டுவது என்று முடிவு செய்வது ப்ராசஸர். நீங்கள் மவுஸை அசைத்ததைக் கவனிப்பது, சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் எதிரி இப்போது எழுவானா என்று தீர்மானிப்பது, எறிந்த குண்டு எங்கே விழும் என்று கணக்கிடுவது, கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கடைசியில், ‘இந்த இடத்தில் இந்தப் பொருளை வரை’ என்ற கட்டளைகளை வரிசையாகக் கார்டுக்கு அனுப்ப வேண்டும். சில கேம்களில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். இவ்வளவும் முடிந்தால்தான் ஒரு காட்சிச் சட்டகம், அதாவது ஒரு ஃபிரேம், உருவாகும். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் 6.9 மில்லிநொடிதான்.

கார்டு ஒரு ஃபிரேமைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்ததைத் தயார் செய்துகொண்டிருக்கும். இருவரில் யார் மெதுவோ அவர் வேகம்தான் கேமின் வேகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கிகாஹெர்ட்ஸ். ப்ராசஸருக்குள் நடக்கும் எல்லாமே ஒரு மின்துடிப்பின் தாளத்துக்குக் கட்டுப்பட்டவை. 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 450 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒளிகூட 7 சென்டிமீட்டர் போய்ச்சேராது. ஆனால் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தனிக் கணக்கு. 2004இல் இன்டெலின் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. அந்த எண்ணை எட்டுவதற்காக ஒவ்வொரு கட்டளையின் வேலையையும் 31 சிறு கட்டங்களாக நறுக்கியிருந்தார்கள். ஒரு துடிப்பில் நகர்ந்த வேலை கொஞ்சமே. அதே காலத்தில் 2.2, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ஏஎம்டியின் அத்லான் 64 கேம்களில் அதை முந்தியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல் அந்த ஆண்டு அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டது. துடிப்பை ஏற்ற ஏற்ற வெப்பமும் மின்செலவும் கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதன்பின் கழிந்த 20 ஆண்டுகளில் கடைகளில் விற்கும் ப்ராசஸர்களின் உச்சத் துடிப்பு 6 கிகாஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் இரண்டு 5800களின் வடிவமைப்பும் ஒன்றே. ஆகவே ஒரு துடிப்பில் முடிக்கக்கூடிய வேலையும் ஒன்றே. அப்படியிருந்தும் துடிப்பு குறைந்தது முந்துகிறது என்றால், மற்றது எங்கோ துடிப்புகளை வீணாக்குகிறது என்று பொருள். எங்கே?

450 கோடியை மனத்தில் பிடிக்க முடியாது. ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பார்ப்போம். சமையலறையில் ஒருவர் தாளித்துக்கொண்டிருக்கிறார். கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் 4 நொடியில் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கோருக்குள்ளும் இருக்கும் முதல்நிலைக் கேஷ் நினைவகம் அந்தப் பெட்டி. கேஷ் என்பதைக் கையிருப்பு நினைவகம் என்று சொல்லலாம். பெட்டியில் கொள்வது 32 கிலோபைட் மட்டுமே. அதில் இல்லாவிட்டால் மேல் அலமாரி, இரண்டாம்நிலைக் கையிருப்பு: 512 கிலோபைட், 12 நொடி. அங்கும் இல்லையென்றால் கூடத்தைத் தாண்டிச் சாமான் அறைக்குப் போக வேண்டும். அது மூன்றாம்நிலை: 5800எக்ஸில் 32 மெகாபைட், 46 நொடி, எட்டுக் கோர்களுக்கும் பொது. சாமான் அறையிலும் தீர்ந்துபோயிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குத்தான் ஓட வேண்டும். அந்தக் கடைதான் ரேம். போய் வர 6 நிமிடம் ஆகும். எண்ணெய் அடுப்பில் காய்ந்துகொண்டேயிருக்கும். கடைக்காரரிடமும் சரக்கு இல்லாமல் எஸ்எஸ்டியிலிருந்து வந்தாக வேண்டுமென்றால், இதே கணக்கில் சில நாட்கள் ஆகும்.

உண்மையான அளவில் அந்த 6 நிமிடம் என்பது சுமார் 80 நானோநொடி, அதாவது 360 துடிப்புகள். ப்ராசஸர் அதுவரை கைகட்டி நிற்பதில்லை. காத்திருக்கும் கட்டளையை ஓரமாக வைத்துவிட்டு, அதைச் சாராத பின்கட்டளைகளை முன்கூட்டியே செய்து பார்க்கும். ஜென் 3 இப்படி 256 கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொள்ளும். ஒரு துடிப்பில் நான்கைந்து கட்டளைகளை முடிக்கக்கூடிய ஓர் எந்திரத்துக்கு இது ஐம்பது அறுபது துடிப்புகளுக்கே காணும். மீதி நேரம் காத்திருப்புதான்.

ரேமை வேகமாக்கினால் தீராதா என்று கேட்கலாம். கடையில் கிடைக்கும் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். டிடிஆர்5-6000, சிஎல் 30 என்பது போல ஏதாவது எழுதியிருக்கும். சிஎல் என்பது கேட்ட தரவு வெளியே வரத் தொடங்கும்வரை எத்தனை நினைவகத் துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்ற எண். இந்த ரேமின் துடிப்பு நொடிக்கு 300 கோடி. 30 துடிப்பு என்றால் 10 நானோநொடி. இருபது ஆண்டுகளுக்கு முன் நல்ல ரேம் என்று பெயர் வாங்கியது டிடிஆர்-400, சிஎல் 2. அதன் துடிப்பு நொடிக்கு 20 கோடி. இரண்டு துடிப்பு என்றால் அதுவும் 10 நானோநொடி. ஒரே நேரத்தில் அள்ளித் தரும் அளவு 15 மடங்கு பெருகியிருக்கிறது. முதல் பைட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 80 நானோநொடிப் பயணத்தில் இது ஒரு கட்டம்தான். ஆனால் மற்றக் கட்டங்களும் பெரிதாகச் சுருங்கிவிடவில்லை.

காரணம் ரேமின் உடலமைப்பில் இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் தொடர்கிறது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச்சிறிய மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த மின்னூட்டம் மிக மெல்லியது, தானாகக் கசிந்துவிடும். அதனால் நொடிக்குப் பலமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பிட்டைக் கேட்டாலும் அது இருக்கும் முழு வரிசையையும் திறந்து, அந்த மெல்லிய அசைவை மின்பெருக்கி கொண்டு உணர்ந்து, படித்ததால் அழிந்ததை மறுபடி எழுதிவைக்க வேண்டும். மலிவான, இடம் அடைக்காத அமைப்பு. ஆகவே 16, 32 கிகாபைட் என்று வாங்கிப் போட முடிகிறது. அவசரம் மட்டும் அதற்குத் தெரியாது.

கையிருப்பு நினைவகம் வேறு சாதி. அதில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள். அவை ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதால் கசிவும் இல்லை, மறுபடி எழுதும் வேலையும் இல்லை. உடனே விடை தரும். விலைதான் பெரிது. 64 மெகாபைட் கையிருப்புக்கு, பிட்டுகளைச் சேமிக்க மட்டும் 320 கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் வேண்டும்.

இப்படிப்பட்ட ஒரு சிறு நினைவகத்தைப் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் நிறுத்தலாம் என்று 1965இல் எழுதியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ். விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர்களில் அதை முதலில் கொண்டிருந்தது 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85. கையிருப்பு வெறும் 16 கிலோபைட். இவ்வளவு சிறியது பயன்படும் என்று அதன் வடிவமைப்பாளர்களுக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த உண்மையான நிரல்கள் நினைவகத்தின் எந்தெந்த முகவரிகளை, எந்த வரிசையில் கேட்கின்றன என்று பதிவு செய்து, ‘இத்தனை கிலோபைட் கையிருப்பு இருந்திருந்தால் எத்தனை முறை அங்கேயே கிடைத்திருக்கும்’ என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிரல்கள் சற்று முன் தொட்டதையே மறுபடி தொடுகின்றன. தொட்டதன் பக்கத்தில் இருப்பதைத் தொடுகின்றன. அதே 1968இல் பீட்டர் டென்னிங் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். எந்த நேரத்திலும் ஒரு நிரல் தன் மொத்தத் தரவில் ஒரு பகுதியை மட்டுமே புழங்கிக்கொண்டிருக்கிறது என்றார். அந்தப் பகுதியைப் புழங்குதொகுதி என்று நாம் அழைக்கலாம். புழங்குதொகுதி கையிருப்புக்குள் அடங்கிவிட்டால் நிரல் பறக்கும். அடங்காமல் வழிந்தால் தடுமாறும்.

ப்ராசஸர் ஆண்டுக்கு ஆண்டு வேகமெடுக்க, ரேம் பின்தங்கிக்கொண்டே போனது. 1995இல் வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இருவர் ஒரு சிறு கட்டுரையில் இந்தப் போக்கை நீட்டிப் பார்த்து, ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் பயனில்லாத நாள் வரும் என்று எச்சரித்தார்கள். அதை அவர்கள் நினைவகச் சுவர் என்றார்கள். இன்றைய கேமிங் ப்ராசஸர் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நானோநொடிக் கதை. இதை அளக்கும் முறை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. நினைவகத்தில் பல முகவரிகளைத் தாறுமாறாகக் கோத்து ஒரு சங்கிலி செய்கிறார்கள். முதல் முகவரியைப் படித்தால் அங்கே இரண்டாவது முகவரி எழுதியிருக்கும். இரண்டாவதைப் படித்தால்தான் மூன்றாவது தெரியும். ப்ராசஸரால் எதையும் ஊகிக்க முடியாது, முன்கூட்டிச் செய்யவும் முடியாது. ஒவ்வொரு கண்ணிக்கும் முழுதாகக் காத்திருந்தே தீர வேண்டும். பல லட்சம் கண்ணிகளைக் கடந்து, எடுத்த நேரத்தைக் கண்ணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயணத்தின் நேரம் கிடைத்துவிடும். பிறகு சங்கிலியின் மொத்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறார்கள். 5800எக்ஸில் 32 கிலோபைட்வரை நேரம் ஒரே மட்டத்தில் இருக்கும். அதைத் தாண்டியதும் ஒரு படி ஏறும். 512 கிலோபைட்டில் இன்னொரு படி. 32 மெகாபைட்டை நெருங்கியதும் வரைபடம் செங்குத்தாக எழும்பும். 5800எக்ஸ்3டியில் அந்தக் கடைசிப் படி மட்டும் வலப்பக்கமாக, 96 மெகாபைட்டுக்கு நகர்ந்திருக்கும்.

புதிர் அங்கே அவிழ்கிறது. இளையதின் சாமான் அறை மூன்று மடங்கு பெரியது. பழைய சிலிக்கான் சில்லின் முதுகில், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 64 மெகாபைட் கொண்ட இன்னொரு சில்லை, செம்பு முனைக்குச் செம்பு முனை நேராகப் பொருந்தும்படி ஒட்டவைத்திருக்கிறார்கள். பெயரில் வரும் 3டி இந்த மாடியைக் குறிக்கிறது. பக்கவாட்டில் பரப்பாமல் மேலே ஏற்றியதால் தொலைவு கூடவில்லை. பெரிய அறையில் தேட ஆகும் கூடுதல் நேரம் நான்கைந்து துடிப்புதான். மாடிக்குக் கொடுத்த விலை வெப்பம். கீழே இருக்கும் கோர்களின் சூடு மேலே ஏற்றிய சிலிக்கானைத் தாண்டி வெளியேற வேண்டியிருந்ததாலும், மின்னழுத்தத்தை அளவோடு வைக்க வேண்டியிருந்ததாலும் உச்சத் துடிப்பு 4.5க்கு இறங்கியது.

இதில் கையிருப்புதான் காரணம், வேறெதுவும் அல்ல என்று எப்படிச் சொல்வது? 2021 கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏஎம்டியின் தலைவர் லிசா சு ஒரு மாதிரி ப்ராசஸரைக் காட்டினார். சாதாரண 5900எக்ஸ் ஒன்று, மாடி கட்டிய 5900எக்ஸ் ஒன்று. இரண்டையும் 4 கிகாஹெர்ட்ஸிலேயே பூட்டிவைத்து ‘கியர்ஸ் 5’ என்ற கேமை ஓட்டினார்கள். மாடி கட்டியது 12 சதவீதம் கூடுதல் ஃபிரேம் தந்தது. துடிப்பு ஒன்று, கோர் ஒன்று, கேம் ஒன்று, மாறியது கையிருப்பு மட்டும். விற்பவரே நடத்திய சோதனை என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மறு ஆண்டு 5800எக்ஸ்3டி விற்பனைக்கு வந்தபோது தனி விமர்சகர்கள் பலர் தங்கள் சொந்தக் கருவிகளில் அளந்தும் கேம்களில் தெளிவான முன்னேற்றத்தையே கண்டார்கள்.

இன்னும் நல்ல சான்று ‘ஃபேக்டோரியோ’. வேற்றுக்கிரகத்தில் தொழிற்சாலை கட்டும் கேம் அது. ஆயிரக்கணக்கான எந்திரங்கள், கன்வேயர் பெல்ட்டுகள், அவற்றின் மேல் நகரும் பொருள்கள் ஒவ்வொன்றின் நிலையையும் ப்ராசஸர் நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். நடுத்தர அளவுத் தொழிற்சாலையில் 5800எக்ஸ்3டி மற்றவற்றை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியது. தொழிற்சாலையை மிகப் பெரிதாக வளர்த்து அதே சோதனையைச் செய்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. டென்னிங் சொன்ன புழங்குதொகுதி 96 மெகாபைட்டிலும் அடங்காமல் வழிவதன் அடையாளம் அது. ஒரு விளக்கம் எங்கே பலிக்கும் என்பதோடு எங்கே பலிக்காது என்பதையும் சரியாகச் சொல்லும்போது அதன் மேல் நம்பிக்கை கூடுகிறது.

பிளெண்டரில் ஏன் பயன் இல்லை என்பதும் இப்போது தெளிவு. காட்சி உருவாக்கம், வீடியோ மாற்றம் போன்ற வேலைகளில் ஒரு சிறு தொகுதித் தரவின் மேல் நீண்ட கணக்கு நடக்கும், அல்லது தரவு வரிசையாக ஓடிவரும். அடுத்தது எது என்று ப்ராசஸர் எளிதாக ஊகித்து முன்பே வரவழைத்துக்கொள்ளும். கேமில் அப்படியில்லை. எதிரி கையில் ஒரு துப்பாக்கி, துப்பாக்கிக்கு ஒரு தோட்டா, தோட்டா பட்ட கதவு, கதவு இருக்கும் அறை என்று ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அவை நினைவகத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். நாம் மேலே பார்த்த தாறுமாறான சங்கிலிக்குக் கேமின் தரவு நெருங்கிய உறவு.

இந்தப் பாடம் 2015இலேயே கிடைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்டெலின் கோர் ஐ7-5775சி, உள்ளேயே இருந்த கிராஃபிக்ஸ் பகுதிக்காக 128 மெகாபைட் கூடுதல் நினைவகத்தோடு வந்தது. உச்சத் துடிப்பு வெறும் 3.7. ஆனாலும் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு மாட்டிச் சோதித்தபோது, 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய, இன்டெலின் மூத்த 4790கேயைச் சில கேம்களில் எட்டிப் பிடித்தது. அந்த வழியை அன்று யாரும் தொடரவில்லை. ஏழு ஆண்டு கழித்து வேறு நிறுவனம் தொடர்ந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கூடுதல் சில்லைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. உச்சத் துடிப்பு 5.2க்கு ஏறிவிட்டது.

கோர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கடைகளில் அதிகம் ஏமாற வைப்பது அந்த எண்தான். ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிநொடி வேலை என்று வைத்துக்கொள்வோம். அதில் 6 மில்லிநொடி வேலையைப் பலர் பங்கிட்டுச் செய்யலாம். 4 மில்லிநொடி வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். குண்டு பட்டதா என்று தெரியாமல் எதிரி விழுந்தானா என்று கணக்கிட முடியாதல்லவா? 6 கோர் போட்டால் மொத்தம் 5 மில்லிநொடி. 12 கோர் போட்டால் நாலரை. ஆயிரம் போட்டாலும் 4க்குக் கீழே இறங்காது. ஜீன் அம்டால் 1967இல் சொன்னது இதுதான். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டிலும் 8 கோர்கள். பெரிய கேம்களை எழுதுபவர்கள் அந்த 8ஐ மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். ஏஎம்டியின் 16 கோர் கொண்ட 7950எக்ஸ்3டியில் 8 கோர்கள் உள்ள ஒரு பாதிக்கு மட்டுமே கூடுதல் கையிருப்பு உண்டு. கேம் ஓடும்போது மற்றப் பாதியை விண்டோஸ் உறங்கவைக்க முயல்கிறது. கேமுக்கு மட்டும் என்றால் 6 கோர் போதும், 8 தாராளம். வீடியோ எடிட்டிங்கும் செய்பவர் என்றால் மேலே போகலாம்.

இனி, விமர்சனங்களில் வரும் வரைபடங்களைப் படிக்கும் முறை. ப்ராசஸர்களைச் சோதிப்பவர்கள் கிடைப்பதிலேயே வலுவான கிராஃபிக்ஸ் கார்டை மாட்டி, 1080பி ரெசொல்யூஷனில் ஓட்டுவார்கள். பலருக்கு இது விந்தையாகப் படுகிறது. அவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கியவர் 4கே-யில் அல்லவா விளையாடுவார்? ஆனால் சோதனையின் நோக்கம் ப்ராசஸரைத் தனியே பிரித்துப் பார்ப்பது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே-யில் சுமார் 83 லட்சம், நான்கு மடங்கு. தீட்டும் வேலை அந்த அளவுக்குக் கூடுகிறது. எதிரி எழுவானா என்று தீர்மானிக்கும் வேலையோ திரை எவ்வளவு பெரிதானாலும் ஏறக்குறைய அதேதான். ஆகவே 4கே-யில் எல்லா ப்ராசஸர்களும் கார்டுக்காகக் காத்திருக்கும். வரைபடத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே நீளத்தில் நிற்கும். 1080பி-யில் தெரியும் 15, 20 சதவீத வித்தியாசம் உண்மையானது. நடுத்தரக் கார்டோடு 4கே மானிட்டரில் விளையாடும் ஒருவர் அதில் பெரும்பகுதியைத் தன் வீட்டில் பார்க்கவே மாட்டார் என்பதும் உண்மையானது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள் என்பது அடுத்தது. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி எடுத்தாலும் சராசரி நொடிக்கு 60 என்றே காட்டும். ஆனால் அந்த ஒன்றில் திரை உறைந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். எதிரி சுட்டும் விடுவான். 2011இல் ‘டெக் ரிப்போர்ட்’ இதழில் ஸ்காட் வாசன், ஒரு நொடிக்குள் நடப்பதை ஃபிரேம் ஃபிரேமாக அளக்க வேண்டும் என்று எழுதிய பிறகுதான் இந்தப் பழக்கம் பரவியது. இப்போது விமர்சனங்களில் ‘1 சதவீதத் தாழ்வு’ என்று ஓர் எண் வருகிறது. மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் நிலவரம் அது. இரண்டு ப்ராசஸர்களின் சராசரி சமமாக இருந்தால் இந்த எண் எதில் உயர்ந்திருக்கிறதோ அதை எடுங்கள். பெரிய கையிருப்பு பல கேம்களில் சராசரியோடு இந்த எண்ணையும் உயர்த்துகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ போன்ற வேகக் கேம்களை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவர், ‘ஃபேக்டோரியோ’, ‘ஸ்டெல்லாரிஸ்’, ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ போல ஓர் உலகையே ப்ராசஸரில் ஓட்டும் கேம்களில் மூழ்குபவர், கையிருப்பு பெரிதாக உள்ள ப்ராசஸருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன் காண்பார். கதைக் கேம்களை உயர்ந்த காட்சித் தரத்தில், நடுத்தரக் கார்டில் ஆடுபவருக்கு அண்மைத் தலைமுறையின் சாதாரண 6 கோர் ப்ராசஸரே போதும். மிச்சப் பணம் கார்டுக்குப் போக வேண்டும். மதர்போர்டையும் கணக்கில் சேருங்கள். 2017இல் ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டு வாங்கிய பலர் அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் 5800எக்ஸ்3டியை மாட்டிக்கொண்டார்கள்; அடுத்த ப்ராசஸரையும் ஏற்கக்கூடிய சாக்கெட்டா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

நீங்கள் இவர்களில் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, செலவே கிடையாது. இப்போது வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், அது இல்லாவிட்டால் நண்பர் வீட்டில், நீங்கள் அதிகம் ஆடும் கேமைத் திறங்கள். ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்துக்குக் கட்டும் வி-சிங்க், ஃபிரேம் வரம்பு இரண்டையும் அணையுங்கள். கூட்டம் நிறைந்த ஓர் இடத்தில் நின்று ஃபிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசொல்யூஷனை மட்டும் 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் ப்ராசஸர். கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் இதைச் செய்துவிடுங்கள். எண் ஏறியிருந்தால், கடைக்காரர் எத்தனை கிகாஹெர்ட்ஸ் சொன்னாலும் ப்ராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.